நேரம் எங்கே போகிறது, வேலை யாருடையது: வன்னி மாணவர்களின் வலையமைப்புக் கேள்விகளும் பதில்களும்

வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் பொறியியலும் கணினி அறிவியலும் பயிலும் இளநிலை மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுள் அடிப்படையைத் தொடுபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் என் விடையை நம்பிவிடாமல் தாளில் நீங்களும் செய்து பாருங்கள்.

பம்பைமடு, முதலாம் ஆண்டு மாணவி: அக்கா, வலையமைப்பின் வேலையைப் பிரிக்கும் அடுக்குகள் விரிவுரையில் ஏழு என்கிறார்கள், வேறு குறிப்புகளில் நான்கு என்று இருக்கிறது. எதைப் படிப்பது?

இரண்டையும் படியுங்கள், ஆனால் இரண்டும் ஒரே வகையான பொருள்கள் அல்ல. ஏழு அடுக்கு மாதிரியைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1984 இல் வெளியிட்டது. அதற்கு முன்னரே, 1983 ஜனவரி 1 ஆம் திகதி, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பு, இன்றைய இணையத்துக்கும் அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறிவிட்டது. ஆகவே இன்று உங்கள் தொலைபேசியில் இயங்குவது டிசிபி/ஐபியின் நான்கு அடுக்குக் குடும்பம். ஏழு அடுக்கு மாதிரி நாம் பேசுவதற்கான பொது மொழியாக எஞ்சியிருக்கிறது. சுவிட்சை இரண்டாம் அடுக்குக் கருவி என்றும் ரவுட்டரை மூன்றாம் அடுக்குக் கருவி என்றும் சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். பெயர்களை வரிசையாக மனனம் செய்வதில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரு வேலையைக் காட்டி, இது எந்த அடுக்கின் பொறுப்பு என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

மல்லாவி, முதலாம் ஆண்டு மாணவர்: ஐபி முகவரி இருக்கும்போது மாக் முகவரி எதற்கு?

மேலே சொன்ன பொறுப்புப் பிரிவினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஐபி முகவரி, பொதி (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டு) இறுதியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்கிறது. 48 பிட் நீளமான மாக் முகவரி, இந்த ஒரு கட்டத்தில் அடுத்ததாக யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. மல்லாவியிலிருந்து கொழும்புச் சேவையகம் ஒன்றுக்குப் போகும் பொதி உங்கள் கணினியை விட்டுப் புறப்படும்போது, அதில் எழுதப்பட்டிருக்கும் மாக் முகவரி கொழும்புச் சேவையகத்தினுடையது அன்று, உங்கள் வீட்டு ரவுட்டருடையது. ஒவ்வொரு ரவுட்டரும் பழைய சட்டகத்தை, அதாவது மாக் முகவரி எழுதிய உறையை, கழற்றிவிட்டு, அடுத்த கட்டத்துக்குரிய முகவரியோடு புதிய சட்டகத்தைப் போர்த்தி அனுப்புகிறது. முகவரி மாற்றம் (நாட்) நிகழும் இடங்களைத் தவிர, ஐபி முகவரிகள் வழியெங்கும் மாறுவதில்லை. பரீட்சையில் பலர் தடுமாறுவது, இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே இருக்கும் பொதியில் எந்த முகவரிகள் இருக்கும் என்ற வினாவில்தான்.

அறிவியல்நகர், இரண்டாம் ஆண்டு மாணவர்: எங்கள் இணைப்பு 100 மெகாபிட். கொழும்பிலிருந்து தரவிறக்கினால் வேகமாக வருகிறது; அமெரிக்காவிலுள்ள பழைய சேவையகம் ஒன்றிலிருந்து எடுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 260 கிலோபைட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. சேவை வழங்குநர் ஏமாற்றுகிறாரா?

நீங்கள் தந்த எண்ணே விடையைச் சொல்லிவிட்டது. முதலில் அலகைச் சரிசெய்வோம்: இணைப்பின் வேகம் பிட்டில், கோப்பின் அளவு பைட்டில், 8 பிட் ஒரு பைட்டு, ஆகவே 100 மெகாபிட் என்பது செக்கனுக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்.

இனி உள்ளே போவோம். தரவு தவறாமல் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி, பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் வராமல் கண்மூடித்தனமாக அனுப்பிக்கொண்டே போகாது. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலையில் எவ்வளவு தரவை வழியில் விட்டுவைக்கலாம் என்பதற்கு ஒரு சாளர அளவு உண்டு. 1981 இல் எழுதப்பட்ட வரையறையில் அந்த அளவுக்கு 16 பிட் இடமே ஒதுக்கப்பட்டதால், உச்சம் 65,535 பைட்டு. அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப 250 மில்லிசெக்கன் எடுக்கிறது என்று கொள்ளுங்கள். 65,535 பைட்டை 0.25 ஆல் வகுத்தால் செக்கனுக்கு 262 கிலோபைட் வரும். உங்கள் கம்பி 100 மெகாபிட்டாக இருந்தாலும் 1,000 மெகாபிட்டாக இருந்தாலும் இந்த விடை மாறாது.

இரணைமடுக் குளத்தின் வாய்க்காலை எவ்வளவு அகலப்படுத்தினாலும், கதவைத் திறந்தபின் கடைசி வயலுக்கு முதல் தண்ணீர் போய்ச் சேர எடுக்கும் நேரம் தூரத்தைப் பொறுத்ததே. பட்டையகலமும் (செக்கனுக்கு எவ்வளவு தரவு போகலாம் என்பது) தாமதமும் அப்படித் தனித்தனியானவை. 100 மெகாபிட் குழாயை 250 மில்லிசெக்கன் தாமதத்தில் நிரப்பி வைத்திருக்க 25 மெகாபிட், அதாவது 3.125 மெகாபைட் தரவு எந்நேரமும் வழியில் இருக்க வேண்டும். இதற்காகவே 1992 இல் சாளரத்தைப் பெருக்கிக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. மறுமுனையில் இருக்கும் பழைய சேவையகம் அதை ஏற்கவில்லை என்பதே என் ஊகம். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: அதே கோப்பை ஒரே நேரத்தில் நான்கு தனி இணைப்புகளாகத் தரவிறக்குங்கள். மொத்த வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கானால், உங்கள் வழங்குநர்மீது பழியில்லை.

முள்ளியவளை, இரண்டாம் ஆண்டு மாணவி: அப்படியானால் ஒளியிழை வந்துவிட்டால் தாமதம் ஒழிந்துவிடுமா? செய்மதி இணைப்பைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஒழியாது, ஆனால் எவ்வளவு எஞ்சும் என்று கணக்கிடலாம். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் போகிறது. கிலோமீற்றருக்கு 5 மைக்ரோசெக்கன். கொழும்புக்கு 350 கிலோமீற்றர் இழை என்று எடுத்துக்கொண்டால் போய்வர 3.5 மில்லிசெக்கன். உங்கள் தொலைபேசி 40 மில்லிசெக்கன் காட்டினால், மிகுதியைத் தூரத்தின் தலையில் கட்டாதீர்கள்: கோபுரம் உங்கள் முறைக்குக் காக்க வைக்கும் நேரம், ரவுட்டர்களின் வரிசைகளில் பொதி நிற்கும் நேரம், நேர்வழியை விட்டுச் சுற்றிப்போகும் பாதை ஆகியவற்றில் அது கிடக்கிறது. மாலையில் கூடி, விடியற்காலையில் குறையும் பகுதி பெரும்பாலும் வரிசையில் நிற்கும் நேரமே.

புவிநிலைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க நான்கு தடவை அந்தத் தூரம். குறைந்தது 477 மில்லிசெக்கன். ஸ்டார்லிங்க் போன்றவை ஏறத்தாழ 550 கிலோமீற்றரில் சுற்றுவதால் அதே கணக்கு 7 மில்லிசெக்கன் அளவுக்கு இறங்குகிறது.

நெடுங்கேணி, முதலாம் ஆண்டு மாணவர்: யுடிபி பொதி தொலைந்தால் கவலைப்படாதாமே, அது தரம் குறைந்ததா?

இல்லை. யுடிபி, ஒப்புதலுக்குக் காத்திராமலும் தொலைந்ததை மீண்டும் அனுப்பாமலும் இயங்கும் நெறிமுறை. நேரடிக் குரல் அழைப்பில் தொலைந்த சொல்லை அரைச் செக்கன் கழித்துக் கொண்டுவந்து தருவதில் பயனில்லை. ஆனால் டிசிபி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதை மடைமை என்று நினைத்துவிடாதீர்கள். 1986 ஒக்டோபரில், கலிபோர்னியாவில் சில நூறு யார் தூரமே உள்ள பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில், செக்கனுக்கு 32,000 பிட் ஓடிய பாதை 40 பிட்டுக்கு வீழ்ந்தது. நெரிசலில் எல்லாரும் மீண்டும் மீண்டும் அனுப்பியதே காரணம். பொதி தொலைவதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு வேகத்தைக் குறைக்கும் முறையை வான் ஜேக்கப்சன் 1988 இல் வெளியிட்டார்.

துணுக்காய், இரண்டாம் ஆண்டு மாணவர்: 192.168.10.0/24 ஐ 100, 50, 25 கணினிகள் கொண்ட மூன்று ஆய்வுகூடங்களுக்கும் இரண்டு ரவுட்டர்களுக்கு இடையிலான ஓர் இணைப்புக்கும் பிரிப்பது எப்படி?

/24 என்றால் 32 பிட் முகவரியில் முதல் 24 பிட் வலையமைப்பைக் குறிக்கிறது; மிகுதி 8 பிட்டில் 256 முகவரிகள். பெரியதிலிருந்து தொடங்குங்கள். 100 கணினிகளுக்கு 128 முகவரித் தொகுதி: 192.168.10.0/25, பயன்படுபவை 126 (ஒவ்வொரு தொகுதியிலும் முதல் முகவரி வலையமைப்பைக் குறிக்கவும் கடைசி முகவரி எல்லாருக்கும் ஒலிபரப்பவும் போய்விடும்). 50 கணினிகளுக்கு 192.168.10.128/26, பயன்படுபவை 62. 25 கணினிகளுக்கு 192.168.10.192/27, பயன்படுபவை 30. ரவுட்டர் இணைப்புக்கு 192.168.10.224/30, பயன்படுபவை 2. மிகுதி 28 முகவரிகள் கடைசியில் ஒன்றாக நிற்கும். ஒரு தொகுதி தன் அளவின் மடங்கிலேயே தொடங்க வேண்டும். 64 முகவரித் தொகுதி 32 இல் தொடங்க முடியாது. சிறியதை முதலில் வைத்தால் இடையில் துண்டுகள் தேங்குவது அதனால்தான். விடை எழுதியபின் 192.168.10.191 ஐக் கணினி ஒன்றுக்குக் கொடுக்கலாமா என்று உங்களையே கேளுங்கள். அது இரண்டாம் தொகுதியின் ஒலிபரப்பு முகவரி.

வவுனியா, மூன்றாம் ஆண்டு மாணவி: ஊர்ப் பாடசாலையில் 130 மீற்றர் இடைவெளியுள்ள இரு கட்டடங்களைச் செப்புக் கம்பியால் இணைக்கலாமா?

வேண்டாம். முறுக்கிணைக் கம்பியின் எல்லை, இரு முனைச் சிறு கம்பிகளையும் சேர்த்து 100 மீற்றர். நடுவில் ஒரு சுவிட்சை வைத்து நீட்டலாமே என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் பின்னேரங்களில் இடிக்கும் இடியை நினைத்துப் பாருங்கள். இரு கட்டடங்களின் புவித்தொடுப்புகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு எழும்போது, செப்புக் கம்பி அதற்கு வழியாகி, இரு முனைக் கருவிகளும் சேர்ந்து எரியும். ஒளியிழை போடுங்கள், உலோகக் கவசமோ தாங்குகம்பியோ இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அக்கராயன், மூன்றாம் ஆண்டு மாணவர்: வயலில் ஈரப்பத உணரி ஒன்றை 4ஜி ரவுட்டரோடு வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து அதைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.72 என்று தொடங்குகிறது.

அது உங்களுக்கே உரிய பொது முகவரி அன்று. ஐபி நான்காம் பதிப்பில் உள்ளவை மொத்தம் 4,294,967,296 முகவரிகள். நம் ஆசிய பசிபிக் வட்டாரம் 2011 ஏப்ரல் 15 ஆம் திகதியே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆகவே பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் வழங்குநர்களுக்காக 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை 2012 இல் ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரில் எந்தத் துறையை (போர்ட்) திறந்தாலும், அதற்கு மேலிருக்கும் வழங்குநரின் கருவி உள்வரும் அழைப்பை யாருக்குக் கொடுப்பது என்று அறியாது. திசையை மாற்றுங்கள்: உணரியே வெளியிலுள்ள சேவையகம் ஒன்றுக்கு இணைப்பை எடுத்து, உணரி போன்ற சிறு கருவிகளுக்கான எம்கியூடிடி நெறிமுறையில் அளவீட்டை அனுப்பட்டும், மறைகுறியீட்டோடு என்றால் 8883 ஆம் துறை. உள்ளிருந்து தொடங்கிய இணைப்பின் வழியே கட்டளைகளும் திரும்பி வரும் என்பதால், மோட்டாரை நிறுத்தவும் அதே இணைப்புப் போதும்.