சூப்பர்வைசரே பார்சல் எடுத்துச் சென்றால் ஓட்டுநருக்கு என்ன நட்டம்?

"ஆள் குறைவான நாளில் சூப்பர்வைசரே பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அமெரிக்காவின் சங்க ஓட்டுநர்கள் நன்றி சொல்லாமல் ஏன் புகார் எழுதுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் அதிகாரி இறங்கி மூட்டை தூக்கினால் பந்தா இல்லாத மனிதர் என்று பாராட்டுவோம். நானும் அந்த எண்ணத்தோடுதான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

யூபிஎஸ் என்ற பெரிய பார்சல் நிறுவனத்துக்கும், அதன் ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்களின் சங்கமான டீம்ஸ்டர்ஸுக்கும் இடையிலான தேசிய ஒப்பந்தத்தின் 3ஆம் சரத்து, 7ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். சூப்பர்வைசரின் பணி மேற்பார்வை மட்டுமே. பயிற்சி அளிப்பது, பாதுகாப்பு முறைகளைச் செய்து காட்டுவது போன்ற சில விலக்குகள் தவிர, சங்கத்தினருக்கு உரிய வேலையை அவர் தொடக்கூடாது. ஒரு தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவருடைய வேலையைச் சூப்பர்வைசர் செய்வதையும் அது வெளிப்படையாகத் தடுக்கிறது. மீறல் உறுதியானால், சூப்பர்வைசர் உழைத்த நேரத்துக்குப் பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு இரட்டை ஊதியம் தர வேண்டும்.

இவ்வளவு கறார் எதற்கு? 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் சூப்பர்வைசர்களைத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பிலிருந்து நீக்கி, நிர்வாகத்தின் பக்கம் நிறுத்திவிட்டது. அதனால் அவர் ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் சங்கத்தினர் ஒருவரின் சம்பளச் சீட்டிலிருந்து போன மணி நேரமாகிறது. அதைவிடப் பெரிய நட்டம் கணக்கில் இருக்கிறது: 12 பேர் தேவைப்படும் இடத்தில் 11 பேரும் ஒரு சூப்பர்வைசரும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டால், பதிவேட்டில் 11 பேரே போதும் என்றுதான் தெரியும், 12ஆவது ஆளை நிறுவனம் எடுக்கவே எடுக்காது.

நான் வேலை பார்த்தது வேறொரு சிறிய நிறுவனத்தின் பார்சல் கிடங்கில். அங்கும் சங்கம் இருந்தது, ஏறக்குறைய இதே விதியும் இருந்தது. ஒரு டிசம்பர் மாலையில், பகுதி நேரத் தொழிலாளர்களான எங்களில் இருவரை வேலை முடிந்தது என்று சொல்லி அனுப்பிய சூப்பர்வைசர், சிறிது நேரத்தில் மீதிப் பார்சல்களைத் தன் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கோபத்தோடு ஒரு தாளில் "பல மணி நேரம் எங்கள் வேலையைச் செய்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஸ்டூவர்ட், அதாவது பணியிடத்தில் சங்கத்தின் பிரதிநிதி, அதைத் திருப்பித் தந்துவிட்டார். எத்தனை மணிக்குத் தொடங்கினார், எத்தனை மணிக்குத் திரும்பினார், எத்தனை பார்சல், யார் பார்த்தார்கள், அந்நேரம் வேலைக்குத் தயாராக இருந்தவர் யார் என்று ஐந்து கேள்விகளைக் கேட்டார். முறையீடு எழுதுவது எப்படி என்று நான் கற்றது அன்றுதான். வாக்குவாதம் செய்யாமல், சொன்ன வேலையை முடித்துவிட்டுப் பிறகு எழுதுவதே அங்கே வழக்கம். பாதையில் நின்று மறித்தால் கீழ்ப்படியாமை என்று நம்மேலேயே குற்றம் திரும்பும்.

எல்லாத் தொழிலாளர்களும் ஒரே மனத்தோடு இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த ஓட்டுநர், யாராவது இருபது பார்சலை வாங்கிக்கொண்டால் போதும் என்றுதான் நினைப்பார். மணி நேரம் கிடைக்காத பகுதி நேரத் தொழிலாளிக்கு அந்த இருபது பார்சல் அன்றைய கூலி. பின்னவரையே விதி பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. களைத்தவருக்கு உதவ ஆள் அனுப்புவது நிர்வாகத்தின் கடமை, அந்த ஆள் சங்கத்தவராகவும் இருக்கலாமே.

வேலைநிறுத்தக் காலத்தில் இந்த எல்லைக்கோடு இன்னும் கூர்மையாகிறது. 1997 ஆகஸ்டில் யூபிஎஸ் தொழிலாளர்கள் சுமார் 1,85,000 பேர் 15 நாள் வெளியே நின்றபோது, மேலாளர்களைக் கொண்டு நிறுவனத்தால் வழக்கமான பார்சல்களில் சிறு பகுதியையே நகர்த்த முடிந்தது. 2023 ஜூலையில் பேச்சுவார்த்தை முறிந்ததும், சங்கம் சாராத ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது. ஆனால் ஜூலை 25 அன்று உடன்பாடு எட்டப்பட்டதால் வேலைநிறுத்தம் நடக்கவில்லை.

எங்கள் முறையீட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தது, பெரிய தொகை இல்லை. அந்தச் சூப்பர்வைசர் என்னைவிட இளையவர், எங்களைப் போலச் சுமை ஏற்றியவராக இருந்து பதவி உயர்ந்தவர். ஆள் கேட்டுத் தன் மேலாளருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை என்றும், எங்கள் முறையீடு போன பிறகுதான் மாலைப் பணிக்கு ஒருவரை நியமித்தார்கள் என்றும் ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அவரே என்னிடம் சொன்னார்.