ஐசிடி வைத்த பிறகு: ஷாக் பயம், தாம்பத்யம், கல்யாணப் பேச்சு

கேள்வி: மாடிப்படி ஏறும்போது அப்பாவுக்கு ஐசிடி (ஆபத்தான இதயத்துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்ய நெஞ்சில் வைக்கும் கருவி) ஒருமுறை ஷாக் கொடுத்தது. அதிலிருந்து படிப்பக்கமே போவதில்லை.

பதில்: அடித்தது கருவி, பழி படிக்கட்டின் மேல். ஷாக் வாங்கியவர்கள் பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. முதலில் கிளினிக்கில் கருவியின் பதிவை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாள், நேரம், துடிப்பின் வேகம், கொடுத்த ஷாக்கின் ஆற்றல் (ஜூல் அளவு) எல்லாம் அதில் இருக்கும். அது உயிருக்கு ஆபத்தான துடிப்புதானா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதை) கருவி தவறாக எடுத்துக்கொண்டதா, கருவியை இதயத்தோடு இணைக்கும் லீட் ஒயரில் விரிசலா என்று தெரியும். தவறான ஷாக் என்றால் செட்டிங்கையோ மருந்தையோ மாற்றுவார்கள். லீட் பழுதென்றால் அதைச் சரிசெய்தாக வேண்டும். காரணத்தை அப்பாவிடமே டாக்டர் சொல்லட்டும். டாக்டர் சம்மதித்ததும், நீங்கள் பக்கத்தில் நிற்க, முதல் நாள் நாலு படி போதும்.

கேள்வி: ஷாக் அடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா?

பதில்: ஒரே ஷாக், பிறகு ஆள் தெளிவாக இருக்கிறார் என்றால் உட்கார வைத்து, அன்றே கிளினிக்குக்குப் போன் செய்தால் போதும். 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ 108. இதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது.

கேள்வி: கணவரை நெருங்கவே பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஷாக் அடித்தால் எனக்கும் அடிக்குமா?

பதில்: மிஞ்சிப்போனால் லேசாகச் சுள்ளென்று இருக்கும், ஆபத்தில்லை. தையல் ஆறி, நெஞ்சுவலியோ மூச்சு வாங்கலோ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் தாம்பத்யத்துக்குத் தடையில்லை. டாக்டர் தானாக இந்தப் பேச்சை எடுக்காமல் போகலாம். நீங்களே கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: தூக்கத்தில் ஷாக் அடித்து எழுந்தேன். பதிவில் ஒன்றுமில்லை. வீட்டில் 'பிரமை' என்கிறார்கள்.

பதில்: நீங்கள் உணர்ந்தது உண்மை, கருவி அடிக்காததும் உண்மை. மருத்துவத்தில் இதற்கு 'ஃபாண்டம் ஷாக்' (மாய ஷாக்) என்றே பெயர் உண்டு. மனப்பதற்றம் கூடும்போது வரும். மனநல ஆலோசனையில் குறையலாம்.

கேள்வி: வயது 26. எனக்கு ஐசிடி இருப்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்: நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள் என்பேன். தழும்பு ஜாக்கெட்டில் மறைந்துவிடும், ஷாக்கை மறைக்க முடியாது. லாங் க்யூடி போன்ற பரம்பரை இதயத்துடிப்புக் கோளாறுக்காக வைத்திருந்தால் பிள்ளைக்கும் பரிசோதனை தேவைப்படும். கர்ப்பத்துக்கு முன் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவி இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் பிள்ளைப்பேற்றைத் தடுப்பதில்லை. அடிப்படை நோயைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.