பழைய ஹாலிவுட் உடைகளும் பாட்டுகளும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நாட்டிய உடை தைப்பது என் தொழில். பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்கள் என் பைத்தியம். 1930 முதல் 1965 வரை வந்த படங்களில் உடை, ஆட்டம், பாட்டு எதைப் பற்றியும் கேட்கலாம். யார் யாரைக் கட்டிக்கொண்டார், ஏன் பிரிந்தார் என்பதெல்லாம் வேண்டாம். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் பூசி அனுப்புகிறார்களே, அதை எடுத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். அந்த நிறம் யாரோ ஒருவருடைய கற்பனை.

ஊசிநூல்: அக்கா, ‘கில்டா’ (1946) படத்தில் ரீட்டா ஹேவொர்த் போட்டிருக்கும் கறுப்பு கவுனுக்குத் தோள்பட்டையே இல்லை. கையைத் தூக்கி வீசி ஆடுகிறார், இடுப்பை ஒடிக்கிறார். எப்படி நழுவவில்லை?

முதல் கேள்வியே தையல்காரர் கேள்வி, சந்தோஷம். தைத்தவர் ழான் லூயி. வெளியே தெரியும் சாட்டின் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. மார்புக்குக் கீழே கெட்டி நாடாவில் ஒரு பட்டை, அதிலிருந்து மேலே ஏறும் மூன்று ‘போன்’, அதாவது துணியை விறைப்பாக நிறுத்தும் பட்டைக் கம்பி: நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. மேல் விளிம்பில் பிளாஸ்டிக்கைச் சூட்டில் இளக்கி, அவர் உடம்புக்கு ஏற்ற வளைவில் படிய வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதான் நிற்கிறது, சாட்டின் அதன்மேல் சும்மா போர்த்தியிருக்கிறது. நம் ஊர் கல்யாண ரிசப்ஷனுக்குத் தோள்பட்டையில்லாத கவுன் தைத்துவிட்டு, பெண் ராத்திரி முழுக்க அதை மேலே இழுத்துக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லைனிங்கோடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் ஆகும்.

அந்த இடுப்புப் பக்கத்து முடிச்சைக் கவனித்தீர்களா? ரீட்டாவுக்கு 1944 டிசம்பரில் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷமே படப்பிடிப்பு. வயிற்றை மறைக்கத்தான் முடிச்சு அங்கே வந்தது என்று சொல்வார்கள். உடைக்கு முன்மாதிரி ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1884இல் காட்சிக்கு வைத்த ‘மேடம் எக்ஸ்’ ஓவியம். பாட்டில் அவர் முதலில் கழற்றுவது ஒரே ஒரு கையுறை. அதற்கே தியேட்டர் அதிர்ந்தது.

சேலம் பாபு: மர்லின் மன்றோவின் வெள்ளை கவுன் என்ன விலை போனது?

2011 ஜூனில் நடிகை டெபி ரெனால்ட்ஸின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது 46 லட்சம் டாலர், கமிஷன் சேர்த்து 56 லட்சம். தைத்தவர் வில்லியம் டிராவில்லா. ‘தி செவன் இயர் இட்ச்’ (1955) படத்தில் அந்த கவுன் காற்றில் பறக்கும் காட்சியை 1954 செப்டம்பர் 15 ராத்திரி நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில், 52ஆம் தெரு முனையில் எடுத்தார்கள். கூட்டம் போட்ட சத்தத்தில் அந்தப் பதிவு உதவவில்லை, பிறகு ஸ்டுடியோவில் செட் போட்டுத் திரும்ப எடுத்தார்கள்.

மழைக்காதலன்: ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ (1952) மழையில் பால் கலந்தார்களாமே?

இல்லை. பின்னாலிருந்து விளக்கடித்தால் தண்ணீர் தெரியும், அவ்வளவுதான். ஜீன் கெல்லிக்கு அன்று 103 டிகிரி காய்ச்சல் என்பது மட்டும் உண்மை. நனைந்த கம்பளி சூட் வேறு சுருங்கிக்கொண்டே போனது.

பழைய ரீல்: ‘டாப் ஹாட்’ (1935) படத்து இறகு கவுன் சண்டையைப் பற்றிச் சொல்லுங்களேன். (கலர் படம் இணைத்திருக்கிறேன், வெள்ளை கவுன் அழகாக இருக்கிறது.)

இணைத்தீர்களா! அந்த கவுன் நீலம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெளுத்துத் தெரிந்தது, நிறம் பூசியவர் வெள்ளை என்றே முடிவு கட்டிவிட்டார். இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

சண்டைக்கு வருவோம். ஜிஞ்சர் ராஜர்ஸும் பெர்னார்ட் நியூமனும் சேர்ந்து யோசித்த உடை, சாட்டின் மேல் முழுக்க நெருப்புக்கோழி இறகு. ஒத்திகையில் ஜிஞ்சர் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஜோடியாக ஆடிய ஃப்ரெட் அஸ்டேரின் கண்ணிலும் வாயிலும் கோட்டிலும் இறகு. அவர் கத்தினார், ஜிஞ்சர் கழற்ற மாட்டேன் என்றார். கடைசியில் இறகுகளை இழுத்துப் பிடித்துத் தைத்துச் சமாளித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், ஒன்றிரண்டு இறகு மிதந்து விழும். அஸ்டேர் பிறகு ஜிஞ்சரை ‘ஃபெதர்ஸ்’ என்றே கூப்பிட்டார், சமாதானத்துக்குத் தங்கத்தில் ஓர் இறகும் கொடுத்தார். என்னைக் கேட்டால் ஜிஞ்சர் பிடிவாதம் பிடித்ததுதான் சரி. அந்தக் கவுன் இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தில் பாதி அசைவு இல்லை. உடல் நின்ற பிறகும் இறகு நிற்காமல் அசைகிறது பாருங்கள்.

சலங்கை: அக்கா, நான் பரதம் ஆடுகிறவள். மர்லினின் ‘வைரம்’ பாட்டில் கையும் கழுத்தும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை கண்ணு. இதற்குத்தான் காத்திருந்தேன்.

அந்தப் பாட்டு வரும் ‘ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்’ (1953) படத்துக்கு ஆட்டம் அமைத்தவர் ஜாக் கோல். கில்டாவுக்கும் அவர்தான். அவர் தொடங்கியது ரூத் செயின்ட் டெனிஸ், டெட் ஷான் இருவரும் நடத்திய டெனிஷான் குழுவில். அந்தக் குழு 1925-26இல் இந்தியா முழுக்கச் சுற்றியது. ஜாக் கோல் அதில் சேர்ந்தது அதற்குப் பிறகு, 1930 வாக்கில். அப்புறம் லா மெரி என்ற அமெரிக்க நடனக்காரியிடம் பரதநாட்டிய அடவுகளை முறையாகக் கற்றார். அந்த அசைவுகளைக் கொண்டுபோய் நியூயார்க் இரவு விடுதிகளில் ஸ்விங் ஜாஸ் வாத்தியத்துக்கு ஆடினார். அரைமண்டியில் இறங்கி உட்கார்ந்த உடம்பு, மேலே தனியாக வேலை செய்யும் கழுத்து, கண், விரல். அமெரிக்க ஜாஸ் நடனத்தின் தந்தை என்று இன்றைக்கு அவரைத்தான் சொல்கிறார்கள்.

‘கிஸ்மத்’ (1955) படத்தில் மூன்று இளவரசிகள் ஆடும் இடத்தைப் பாருங்கள், உங்களுக்கு விளக்கமே தேவைப்படாது. மர்லினிடம் அது மறைவாக இருக்கிறது. பாதம் அதிகம் நகராது, மணிக்கட்டும் தோளும் தாளத்துக்கு வெட்டி வெட்டி நிற்கும். அந்த ரோஜா நிற கவுனும் அதற்குத் தோதான உடை. உள்ளே ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கிறது, எவ்வளவு ஆடினாலும் மடிப்பு விழாது, அட்டைபோல் நிற்கும். டிராவில்லா முதலில் தைத்தது வலைத்துணியும் கல்லுமாக ஏறக்குறைய ஒன்றுமில்லாத உடை. மர்லினின் பழைய காலண்டர் படங்கள் வெளியாகி ரகளை ஆனதும் ஸ்டுடியோ பயந்துபோய் உடம்பை மூடச் சொல்லிவிட்டது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இந்த கவுன்.

இதை எடுத்துக்கொண்டுபோய் ‘மர்லின் பரதநாட்டியம் கற்றார்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். கற்றவர் ஜாக் கோல்.

மதுரை வாசகர்: மர்லின் வெள்ளை கவுன் எவ்வளவுக்குப் போனது அம்மா?

மேலே சேலம் பாபுவுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

திருச்சிக்காரன்: ‘மை ஃபேர் லேடி’ (1964) ஆட்ரி ஹெப்பர்ன் பாடவே இல்லையாம். இது ஏமாற்று இல்லையா?

பெரும்பாலும் மார்னி நிக்ஸன் குரல். சில வரிகளில் ஆட்ரியின் குரலே இருக்கிறது. ‘தி கிங் அண்ட் ஐ’ (1956) டெபோரா கெர், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961) நடாலி வுட், எல்லாம் இதே மார்னிதான். ரீட்டாவின் கில்டா பாட்டு அனிதா எல்லிஸ்.

பழைய ரீல்: இதில் என்ன ஏமாற்று? டி.எம்.எஸ். பாடி சிவாஜி வாயசைத்தால் கைதட்டினோமே. ஹாலிவுட்காரன் செய்தால் மட்டும் குற்றமா?

திருச்சிக்காரன்: நமக்கு டி.எம்.எஸ். என்று தெரியும் சார். அங்கே சொல்லவில்லையே.

திருச்சிக்காரர் பக்கம்தான் நான். நம் ஊரில் டைட்டிலில் பெயர் போட்டார்கள், இசைத்தட்டில் அச்சடித்தார்கள், ரேடியோவில் பாடியவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டே வரும். டி.எம்.எஸ். வீதியில் நடந்தால் ஜனங்களுக்குத் தெரியும். மார்னிக்கு என்ன கிடைத்தது? ‘தி கிங் அண்ட் ஐ’ வேலைக்கு 420 டாலர். வெளியே சொன்னால் இந்த ஊரில் வேலை கிடைக்காது என்ற மிரட்டல் வேறு. உண்மையைப் பத்திரிகையில் சொன்னது டெபோரா கெர்தான், அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு. நடாலி வுட்டிடம் கடைசிவரை உன் குரல்தான் என்று சொல்லிப் படமெடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே அசைந்து முடித்த உதட்டுக்கு மார்னி பிறகு பாட வேண்டியிருந்தது. அந்தப் படத்துக்கான தன் ராயல்டியிலிருந்து கால் சதவீதத்தை மார்னிக்குக் கொடுத்தவர் இசையமைத்த லியனார்ட் பெர்ன்ஸ்டைன். ஸ்டுடியோ அல்ல.

குரல் கடன் வாங்குவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெயரை மறைத்தார்களே, அதுதான்.

பழைய ரீல்: இருந்தாலும் ரசிகனுக்கு மாயை கெடக்கூடாது என்று செய்திருப்பார்கள்.

‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ படத்தின் கதையே, குரல் கொடுத்த பெண்ணை மறைத்துவைக்கும் அநியாயத்தைப் பற்றியது. கதையில் டெபி ரெனால்ட்ஸ் கதாநாயகிக்குப் பின்னணி பாடுகிறார். நிஜத்தில் அந்தக் காட்சியின் பாட்டை டெபிக்காகப் பாடியவர் பெட்டி நோய்ஸ், படத்தில் அவர் பெயர் இல்லை. டெபி ‘டப்பிங்’ பேசுவதாக வரும் வசனத்தைப் பேசியவர் ஜீன் ஹேகன், அதாவது குரல் சரியில்லாத நடிகையாக நடித்தவரே! திரை விலகி உண்மைக் குரலைக் காட்டும் படத்திலேயே இத்தனை திரை. எந்த மாயையைக் காப்பாற்றினார்கள், சொல்லுங்கள்?

யாழ் வாசகி: ‘மை ஃபேர் லேடி’யில் பாடக்கூடிய ஜூலி ஆண்ட்ரூஸை ஏன் போடவில்லை? மேடையில் அவர்தானே நடித்தார்?

சினிமாவில் முகம் தெரியாதவர் என்று தயாரிப்பாளர் ஜாக் வார்னர் மறுத்துவிட்டார். அந்த வருஷ ஆஸ்கர் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்காக ஜூலிக்கே போனது, ஆட்ரியின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. ஆனால் ஆட்ரிக்குப் பாட வராது என்று யாரும் எழுத வேண்டாம். ‘மூன் ரிவர்’ அவரே பாடியது. அவர் குரல் எட்டும் தூரத்தை அளந்து ஹென்றி மான்சினி அமைத்த மெட்டு. அளவெடுத்துத் தைத்தால் யாருக்கும் பொருந்தும்.

திருச்சிக்காரன்: செருப்பால் தரையைத் தட்டி ஆடும் டாப் டான்ஸில் கேட்கும் காலடிச் சத்தமாவது உண்மையா?

அதையும் பிறகு தனியாகப் பதிவு செய்வார்கள். ஜிஞ்சரின் காலடிகளைத் தட்டியது ஹெர்மிஸ் பான், அஸ்டேரின் உதவி நடன இயக்குநர். ஜிஞ்சர் ஆடவில்லை என்று அர்த்தமில்லை. ‘ஸ்விங் டைம்’ (1936) படத்தில் ஒரே ஆட்டத்தை 47 முறை எடுத்தார்கள், செருப்பில் ரத்தம். குரல் விவாதம் இத்தோடு போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு தையலகம்: மர்லின் சைஸ் 16 என்கிறார்களே?

அளவெடுத்துத் தைத்த உடைக்கு சைஸ் நம்பர் ஏது? மிச்சமிருக்கும் உடைகளில் இடுப்பு 22 முதல் 24 அங்குலத்துக்குள்தான்.

நெல்லை ரசிகர்: மர்லின் வெள்ளை கவுன் இன்றைய விலையில்…

46 லட்சம். மேலே பாருங்கள்.

காரைக்குடி: பாட்டியின் ஜரிகைப் புடவை கறுத்துவிட்டது, எப்படிச் சுத்தம் செய்வது?

இந்த இடம் அதற்கல்ல. ஜரிகை வேலை தெரிந்தவரிடம் நேரில் காட்டுங்கள். எலுமிச்சம்பழம் மட்டும் போடாதீர்கள்.

பெங்களூர் தமிழன்: 1962இல் மர்லின் கென்னடிக்குப் பாடியபோது போட்ட கவுனை 2022இல் ஒருவர் போட்டுக்கொண்டாரே, உங்கள் கருத்து?

மர்லின் உடம்போடு ஒட்டித் தைத்த மெல்லிய பட்டு, அதில் 2,500 கல். அறுபது வருஷம் ஆன துணி. அதை இன்னொரு உடம்பில் ஏற்றுவதா? கருத்து கேட்டால் கோபம்தான் வரும். அடுத்த கேள்வி.

சலங்கை: கடைசியாக ஒன்று அக்கா. புதிதாகப் பார்ப்பவர்கள் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

‘ஸ்டார்மி வெதர்’ (1943), நிக்கலஸ் சகோதரர்கள். பெரிய படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தாண்டித் தாண்டி, கால்களை அகல விரித்து விழுந்து, கையை ஊன்றாமல் எழுந்துகொண்டே இறங்குவார்கள். எல்லாம் டெயில் கோட் போட்டுக்கொண்டு! ஒரே டேக் என்பார்கள். அஸ்டேரே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இவ்வளவு இருந்தும் கறுப்பினத்தவர் என்பதால் கதாநாயகன் வேஷம் அவர்களுக்கு வரவில்லை. மற்ற படங்களில் அவர்கள் ஆட்டத்தைக் கதையோடு ஒட்டாமல் தனியாக வைப்பார்கள், அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டலாம் என்று. பாடகி லீனா ஹார்னின் பாட்டுகளுக்கும் அதே கதிதான். முதல் தடவை காலைப் பாருங்கள், இரண்டாவது தடவை அந்தக் கோட்டின் தோளைப் பாருங்கள். அத்தனை குதித்தும் தோள் தையல் ஏறவே இல்லை. அக்குளில் எப்படி வெட்டியிருப்பார்கள் என்று நீங்கள் யாராவது கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.