நாசிக்கும் நந்தி மலையும் ஒரே ருசியா?

ஏப்ரல் மாத பெங்களூரில் நாசிக் ஷிராஸ், நந்தி மலை காபர்னே என்ற இரண்டு சிவப்பு ஒயின்களையும் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே குடித்தேன், இரண்டும் ஒரே காட்டமாக இருந்தன என்கிறீர்கள். உங்கள் நாக்கில் குறையில்லை, சூடுதான் காரணம். 30 டிகிரியில் ஆல்கஹால் நெடி பழ வாசனையை அமுக்கிவிடும். ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்து, 16–18 டிகிரியில் ஊற்றுங்கள்.

அப்புறம், ஷிராஸும் காபர்னேயும் வெவ்வேறு திராட்சை வகைகள்; ஊரை ஒப்பிட வேண்டுமென்றால் திராட்சை ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு ஊர் ஷிராஸையும் ஒரே ஆண்டு, கிட்டத்தட்ட ஒரே விலையில் வாங்குங்கள். லேபிளை மறைத்து வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். இதை மட்டும் விடவே விடாதீர்கள், பெயர் தெரிந்தால் மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும்.

முதலில் மிளகு வாசனையைத் தேடுங்கள். மிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற வாசனைப் பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது, குளிர்ச்சியான இடத்துத் திராட்சையில் அது தூக்கலாக இருக்கும். பிறகு, விழுங்கியதும் துவர்ப்பு ஈறில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள்.