ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1974 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் இருக்கிறது. முழுக்கப் பெயின்ட் அடித்துப் புதுப்பித்த பிறகு, என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 16 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஹெட்லைட் அடிக்கடி ஃபியூஸ் போகிறது, பேட்டரியில் அழுகிய முட்டை வாடை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் புதிதாகப் போட்டும் சரியாகவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். பெயின்ட் அடித்த பிறகுதான் தொல்லை என்கிறீர்களே, எனக்குச் சந்தேகமே அங்கேதான்.

இந்த வண்டியில் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள் கிடையாது. என்ஜின் அறையில் தனிப் பெட்டியாக ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். எவ்வளவு சார்ஜ் ஏற வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அது ஃபீல்டுக்கு, அதாவது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் காந்தச் சுருளுக்கு, அனுப்பும் கரண்டுக்குத் தகுந்தபடி ஆல்டர்னேட்டர் வேலை செய்யும். அதன் பிளக்கில் ஐ, ஏ, எஸ், எஃப் என்று நான்கு இணைப்புகள். நான்கில் ஒன்றுகூட எர்த் இல்லை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி இல்லை. பெட்டியைப் பாடியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள்தான் எர்த். அவற்றுக்கு அடியில் புதுப் பெயின்ட் பூசிவிட்டால் எர்த் அரைகுறையாகிவிடும். அந்த இடத்தில் 2 வோல்ட் விழுந்தால், பேட்டரியில் 16 இருக்கும்போது ரெகுலேட்டருக்குத் தெரிவது 14தான். அதனால் அது சார்ஜைக் குறைக்காது. இப்படி ஏமாந்த ரெகுலேட்டரைக் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம்.

டாஷ்போர்டு மீட்டரை நம்பாதீர்கள், அது வோல்ட்டைச் சொல்லாது. மல்டிமீட்டரை எடுங்கள். என்ஜின் சூடான பிறகு கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பேட்டரி முனைகளில் பாருங்கள். 13.8 முதல் 14.6 வரை இருந்தால் நல்லது. அப்புறம், என்ஜின் ஓடும்போதே ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை ரெகுலேட்டர் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெட்டியைக் கழற்றி, அது உட்காரும் இடத்தையும் ஸ்க்ரூ தலைக்கு அடியையும் பளபளவென்று வரும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் எர்த் வயர் இருந்தால் அதையும் அந்த ஸ்க்ரூவிலேயே இறுக்குங்கள். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைப் பெயின்ட் வேலையின்போது மாட்ட மறந்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

எர்த் நன்றாக இருந்தால், அடுத்து ஏ முனைக்கு வரும் மஞ்சள் வயரைப் பாருங்கள். பேட்டரியின் வோல்ட்டை ரெகுலேட்டருக்குச் சொல்வது அதுதான். பேட்டரி பாசிட்டிவுக்கும் அதற்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குமேல் வித்தியாசம் இருந்தால், வழியில் துருப்பிடித்த இணைப்பு எங்கோ இருக்கிறது.

இரண்டும் சரியா? என்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டர் பிளக்கை உருவிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது சார்ஜே ஏறக்கூடாது, வோல்ட் 12.6க்குமேல் போகக்கூடாது. போகவில்லையென்றால் ரெகுலேட்டரை மாற்றலாம், தப்பில்லை. அப்போதும் 15, 16 என்று ஏறினால் ஃபீல்டுக்குப் போகும் ஆரஞ்சு வயர் எங்கோ உருகி வேறொரு வயரோடு ஒட்டியிருக்கும். என்ஜினை நிறுத்தி, அதை ஆல்டர்னேட்டர் பின்பக்கமும் கழற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் குற்றம் ஆல்டர்னேட்டருக்குள்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். வோல்ட் சட்டென்று எகிறி ரெகுலேட்டரோ ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடோ போய்விடும். அதோடு, ஓவர்சார்ஜ் ஆன பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மூடி திறக்கும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றி, ஒருநாள் சும்மா வைத்துவிட்டு வோல்ட் பாருங்கள், 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் கடையில் கொடுத்து லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.