ஆங்கிலத்துக்கு இரவல், தமிழுக்கு விலை

அன்புள்ள தங்கைக்கு,

மன்னார்குடியிலிருந்து லண்டனின் கிராய்டனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆறு வயது மகளுக்கும் மூன்று வயது மகனுக்கும் படக்கதைப் புத்தகம் வாங்கக் கடைக்குப் போனபோது ஒன்றின் விலை 7.99 பவுண்டு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 900 ரூபாய் என்று கண்டு வெறுங்கையோடு திரும்பியதாகவும், ஒருவர் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவதைக் கொண்டு பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நூலகத்தில் சேர்ந்தால் விசாவுக்கு ஏதேனும் கேடு வருமோ என்ற அச்சமும் உங்கள் கடிதத்தில் இருந்தது. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வலங்கைமானில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு கிராய்டனில் நின்றவள் நான் என்பதால், திண்ணையில் உட்கார்ந்து சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள். உங்கள் விசாவில் பொது நிதியைப் பெறக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். அது யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை, வீட்டு வாடகை உதவி, குழந்தைகளுக்கான மாத உதவித்தொகை போன்ற, பட்டியலிட்டுச் சொல்லப்பட்ட உதவிகளுக்கு மட்டுமே பொருந்தும். அரசுப் பள்ளியும் பொது நூலகமும் அந்தப் பட்டியலில் இல்லை. பகுதியில் வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் ஆகியோருக்கு நூலகச் சேவை அளிப்பதை இங்கிலாந்தில் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சியின் கடமையாக்கியிருக்கிறது. புத்தகம் இரவல் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஆகவே அங்கே போய் நிற்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் வாடகை வீட்டுக்கு நீங்கள் கட்டும் கவுன்சில் வரி எனப்படும் உள்ளாட்சி வரியிலிருந்தும் அந்த நூலகம் நடக்கிறது.

கிராய்டன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன்தான் நினைவுக்கு வந்தார். நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டு 1924-இல் லண்டனுக்குப் படிக்கப் போனபோது, அவருக்கு அங்கே ஆசிரியராக இருந்த பெர்விக் சேயர்ஸ் கிராய்டன் பொது நூலகத்தின் தலைவராகவும் இருந்தவர். அந்த நாட்டு நூலகங்கள் எளிய மக்களுக்கும் குழந்தைகளுக்கும் கதவு திறந்திருப்பதைக் கண்ட அந்த மனிதர், ஊர் திரும்பியதும் அதையே இங்கே கொண்டுவரப் பாடுபட்டார். 1931 அக்டோபரில் உங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகும் நூலகம் தொடங்கியது அந்த நூலக இயக்கத்தின் காலத்தில்தான். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கும் அவருடைய உழைப்பே அடிப்படை. நான் சிறுமியாக இருந்தபோது வலங்கைமான் நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்துப் படித்தது அந்தச் சட்டத்தின் பயன். நூலகம் உங்களுக்கும் எனக்கும் அந்நிய தேசத்தார் போடும் பிச்சை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நாளைக்கே இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போய் இருவருக்கும் தனித்தனி அட்டை வாங்குங்கள். உங்கள் பெயருக்கு முகவரிச் சான்று கேட்கலாம், வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மூன்று வாரத் தவணை. வேறு யாரும் கேட்டு வைக்காத வரை வீட்டிலிருந்தபடியே புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரே தடவையில் பத்துப் பதினைந்து புத்தகம் எடுக்கத் தயங்காதீர்கள். நான் முதல் வருடம் பிள்ளை கிழித்துவிடுவானோ என்ற பயத்தில் இரண்டே இரண்டு எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். அவன் புத்தகத்தைத் தொடவே இல்லை. பிறகு கூடத்துத் தரையில் கூடையில் கொட்டி வைத்தேன், அதன்பின் அவனாகவே எடுத்துப் புரட்டத் தொடங்கினான். நீங்கள் தேடும் புத்தகம் உங்கள் கிளையில் இல்லையென்றால் வேறு கிளையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அட்டை எண்ணைக் கொண்டு கைப்பேசியில் மின்னூலும் ஒலிநூலும் இலவசமாக எடுக்கலாம். ஆங்கில உச்சரிப்பில் உங்களுக்கே ஐயம் இருந்தால், ஒலிநூலைப் போட்டுவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பக்கத்தைப் புரட்டுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

கோடை விடுமுறையில் நூலகங்கள் குழந்தைகளுக்கு ஒரு வாசிப்புச் சவால் வைக்கின்றன. 1999 முதல் நாடு முழுவதும் நடக்கும் அதில், நான்கு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகள் பொதுவாக ஆறு புத்தகம் படித்தால் சான்றிதழ் கிடைக்கும். உங்கள் மகளுக்கு ஏற்றது. மகனுக்கு வேறொன்று சொல்கிறேன். டாலி பார்டன் என்ற அமெரிக்கப் பாடகி தொடங்கிய திட்டம் ஒன்று, பிறந்தது முதல் ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகத்தை வீட்டுக்கே இலவசமாக அனுப்புகிறது. பிரிட்டனில் எல்லாப் பகுதிகளிலும் இது இல்லை. உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்ததும் மகளின் பையில் வாரந்தோறும் வாசிப்புப் புத்தகம் வரும். நிறப் பட்டை வைத்துப் படிநிலை பிரித்திருப்பார்கள். அந்த வரிசைப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். வந்த புதிதில், வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளரின் பேச்சை நம்பி, மாதச் செலவுக்கு வைத்திருந்ததிலிருந்து 60 பவுண்டு கொடுத்து ஒரு பெரிய தொகுப்பை வாங்கினேன். செப்டம்பரில் அதே புத்தகங்கள் ஒவ்வொன்றாகப் பள்ளியிலிருந்து இலவசமாக வந்தன. அந்த மாதம் நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்பதை இன்றும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த நிறத்தில் இருக்கிறது என்று விசாரிப்பதும் வேண்டாம்.

மார்ச் முதல் வியாழக்கிழமை புத்தக நாள் வரும். பள்ளியில் ஒரு பவுண்டு சீட்டுக் கொடுப்பார்கள். அதைக் கடையில் கொடுத்தால் அதற்கென்றே அச்சிட்ட புத்தகங்களில் ஒன்று இலவசமாகக் கிடைக்கும், மறக்காமல் மாற்றிவிடுங்கள். அன்று கதை மாந்தர் வேடமிட்டு வரச் சொல்வார்கள். அதற்காகக் கடையில் உடை வாங்க வேண்டாம். பெட்டியில் இருக்கும் பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டு, நம் கதை ஒன்றின் பெண்ணாக அனுப்புங்கள். என் மகள் மூன்று வருடம் அப்படித்தான் போனாள். வகுப்பில் அவளைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்ல வைத்தார்கள்.

சொந்தமாக வைத்துக்கொள்ளச் சில ஆங்கிலப் புத்தகங்கள் வேண்டுமென்றால் தொண்டு நிறுவனக் கடைகளுக்குப் போங்கள். பிள்ளைகள் புத்தகம் பெரும்பாலும் ஒரு பவுண்டை ஒட்டியே இருக்கும். பள்ளி விழாக்களில் போடும் பழைய புத்தக மேசையில் இன்னும் மலிவு. திறந்து பார்க்கும் மடிப்புகள் உள்ள புத்தகமானால் எல்லா மடிப்பும் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிவிட்டு வாங்குங்கள்.

இப்படியெல்லாம் மிச்சம் பிடிக்கச் சொல்வது பணத்தைச் சேர்த்து வைப்பதற்காக அல்ல, தங்கையே. ஆங்கிலப் புத்தகத்துக்கு அங்கே உங்கள் காசு தேவையில்லை, தமிழ்ப் புத்தகத்துக்குத் தேவை. தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளின் நூலகங்களில் தமிழ் அடுக்கு உண்டு என்றாலும், நான் பார்த்தவற்றில் பெரியவர்களுக்கான நாவல்களே மிகுதி. மூன்று வயதுப் பிள்ளைக்கு எடுத்துக் காட்ட அங்கே ஒன்றுமில்லை. ஆங்கிலம் பள்ளியில் தானாக வந்துவிடும், தமிழ் வராது. என் மூத்தவனுக்கு ஐந்து வயது வரை தமிழ் எழுத்தை அச்சில் காட்டாமல் விட்டேன். பேசுவான், ஆனால் அவன் தாத்தா எழுதிய கடிதத்தை அவர் இருந்தவரை அவனால் படிக்க முடியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தேசிய புத்தக அறக்கட்டளை, பாரதி புத்தகாலயம் போன்றவை வெளியிடும் தமிழ்ப் படக்கதைகளில் பலவற்றை 100 ரூபாய்க்குள் இப்போதும் வாங்க முடிகிறது. அங்கே ஒரு புத்தகம் வாங்கும் காசில் இங்கே எட்டு ஒன்பது வாங்கலாம். அவை மெல்லியவை என்பதால் முப்பது புத்தகம் சேர்ந்தாலும் பெட்டியில் அதிகம் கனக்காது. தஞ்சாவூர் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது, விலையில் பத்து விழுக்காடு குறைத்துக் கொடுப்பது வழக்கம். உங்கள் அம்மாவையோ தம்பியையோ ஒருநாள் போய்வரச் சொல்லுங்கள். அதுவரை பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. ஒரே கதை ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைப்பதால், முதலில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு மறுநாள் தமிழில் படித்தால் பிள்ளை சொல்லைப் பிடித்துக்கொள்ளும். தமிழக அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலையும் இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். கைப்பேசியில் காட்டுவதைவிட அச்சடித்து நூலால் தைத்துக் கொடுப்பது மேல். படுக்கைக்குப் பக்கத்தில் அது கிடக்க வேண்டும்.

ஆடிப்பெருக்குக் கழிந்த மறுநாள் தஞ்சாவூர் போய் என் பிள்ளைகளுக்கு வாங்கப் போகிறேன். திரும்பும்போது பெட்டியில் நான்கு கிலோ இடம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். மன்னார்குடியிலிருந்து உங்கள் அம்மா புத்தகம் கொடுத்தனுப்பினால் வலங்கைமானில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால், மகள் உயிர்மெய் எழுத்து வரை வந்துவிட்டாளா, மகனுக்கு எந்த விலங்கு பிடிக்கும் என்று மட்டும் எழுதுங்கள், நானே பார்த்து எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
வலங்கைமான் அக்கா