சோலோ வந்தால் அதே நாலு லிக்

கேள்வி: வயது 27, ஐ.டி. வேலை. நாலு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். தினமும் ராத்திரி ஒன்றரை மணி நேரம் பயிற்சி: 40 நிமிடம் ஸ்கேல், 20 நிமிடம் வேகப் பயிற்சி, மீதி நேரம் யூடியூபில் பேக்கிங் ட்ராக் (சோலோ இல்லாத பின்னணி இசை) போட்டு வாசிப்பேன். ஐந்து நோட்டு ஸ்கேலான மைனர் பென்டாடோனிக்கை கிட்டார் கழுத்தில் வாசிக்கும் ஐந்து ஷேப்பும் கண்ணை மூடினாலும் வரும். தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 தட்டு வைத்து, ஒரு தட்டுக்கு நாலு நோட்டு சுத்தமாக விழும். ஆனால் சோலோ என்று வந்தால் அதே நாலு லிக்தான் (பழகிய சின்ன இசைத் துண்டு) சுற்றிச் சுற்றி வருகிறது. போன மாதம் ஆபீஸ் விழாவில் எனக்கு 16 பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு) சோலோ கொடுத்தார்கள். முடிந்ததும் கூட வாசித்த நண்பன், "ஸ்கேல் பிராக்டீஸ் பண்ற மாதிரி இருந்துச்சுடா" என்றான். மோட்ஸ் என்கிற ஏழு நோட்டு ஸ்கேல்களெல்லாம் படிக்க வேண்டுமா? ஆன்லைன் கோர்ஸில் சேரட்டுமா? பயிற்சி நேரத்தைக் கூட்டட்டுமா? பொங்கலுக்கு மறுபடி வாசிக்கிறோம்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: மூன்றுமே இப்போது வேண்டாம். மோட்ஸ் நல்ல விஷயம்தான். ஆனால் ஐந்து நோட்டில் பேச்சு வராதவருக்கு ஏழு நோட்டு கொடுத்தாலும் பேச்சு வராது, இன்னும் ரெண்டு நோட்டு சேர்ந்து ஓடும், அவ்வளவுதான். கோர்ஸ் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் கூட்டவே வேண்டாம், குறைக்கத்தான் சொல்லப் போகிறேன்.

நீங்கள் எழுதிய அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கை மறுபடி பாருங்கள். விரலுக்கு 40 நிமிடம், விரலுக்கே இன்னும் 20 நிமிடம். கடைசி அரை மணி நேரம் ட்ராக் போட்டு வாசிப்பது, அதுவும் விரல் பழகிய வழியிலேயே போய்வருவது. காதுக்கு என்று ஒரு நிமிடம்கூட இல்லை. தினமும் ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டிப் பழகிய கை, மேடையில் பதற்றத்தில் அதைத்தான் செய்யும். அன்று உங்கள் கை உங்களைக் கைவிடவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததைச் செய்து காட்டியது.

இதே நிலையில் நானும் இருந்தேன். ஒருநாள் வகுப்பில் நான் வாசித்து முடித்ததும் என் ஆசிரியர் கிட்டாரை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "இப்ப அதே நாலு பாரை வாயால பாடு" என்றார். பாடினேன். ஆறேழு நோட்டுதான் வந்தது. நடுவில் ஒருமுறை மூச்சு விட்டேன். ஒரு நோட்டை இழுத்து நிறுத்தினேன். என் குரல் சுமார்தான், ஆனால் அந்த நாலு பாரில் ஒரு பேச்சு இருந்தது. "சரி, பாடினதை வாசி" என்று கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆறேழு நோட்டைக் கழுத்தில் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. வேகமாக வாசிக்கத் தெரிந்த கைக்கு, நான் மனதில் கேட்டதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து என் பயிற்சி முழுக்க அந்த இருபது நிமிடத்தைக் குறைப்பதுதான்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். முதலில் மனதில் கேட்க வேண்டும், அப்புறம் விரல் போக வேண்டும். மேடையில் இந்த வரிசை தானாக வர வேண்டுமானால் வீட்டில் மெதுவாக, வாய்விட்டுப் பாடிப் பழக வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தால் போதும்.

நமக்கு இது புதிதும் இல்லை. கர்நாடக சங்கீதத்தில் கல்பனாஸ்வரம், அதாவது அந்தக் கணத்தில் கற்பனையாக ஸ்வரம், பாடப் பழகுபவர்களை எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள். எடுத்ததுமே நாலு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஸ்வரம் கொட்டச் சொல்ல மாட்டார்கள். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சின்னச் சின்னதாக நாலைந்து ஸ்வரம், உடனே பாட்டு ஆரம்பிக்கும் இடமான எடுப்புக்குத் திரும்பி பல்லவியைப் பிடிக்க வேண்டும். அது கைவந்த பிறகு நீளம் கூடும். பாடகர் பாடியதைக் கேட்டு அடுத்த கணமே வயலின்காரர் பதில் வாசிக்கிறாரே, அது காதில் விழுந்ததை விரலுக்குக் கொண்டுவரும் பயிற்சி அல்லாமல் வேறென்ன? நீங்கள் வாசிக்கும் மைனர் பென்டாடோனிக்கை ஸ்வரமாகச் சொன்னால் ச க ம ப நி, சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ராகம் என்பது ஸ்வர வரிசை மட்டும் இல்லை, அதற்குக் கமகமும் (ஸ்வரத்தின் அசைவு) பிடிகளும் (ராகத்துக்கே உரிய சொற்கட்டு) உண்டு. அதனால் ரெண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ச க ம ப நி என்று பாடியபடியே ஒவ்வொரு நோட்டையும் வாசித்துப் பாருங்கள். ஷேப்பாகத் தெரிந்தது சத்தமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இனி நேரடியாக வேலைக்கு வருவோம். ஏ-யில் ஒரு 12 பார் ப்ளூஸ் ட்ராக் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவானது, நிமிடத்துக்கு 60 தட்டு. முதல் நாலு பார் ஏ7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்), அடுத்த ரெண்டு டி7, ரெண்டு ஏ7, ஒன்பதாவது பார் இ7, பத்தாவது டி7, கடைசி ரெண்டு ஏ7. இந்த வேகத்தில் ஒரு சுற்று 48 விநாடி. பத்து நிமிடத்தில் பன்னிரண்டு சுற்று வந்துவிடும், வேண்டிய அளவு இடம் இருக்கிறது.

முதல் ரெண்டு வாரம் மூன்றே நோட்டு. ரெண்டாவது ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃப்ரெட் (கழுத்திலுள்ள கட்டம்), எட்டாவது ஃப்ரெட், முதல் ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃப்ரெட். அதாவது இ, ஜி, ஏ. வேறு எதையும் தொடக் கூடாது. மூன்றாவது சுற்றிலேயே அலுப்பு வரும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், பயிற்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நோட்டை மாற்ற வழியில்லை என்றால் மற்றதை மாற்றத்தானே வேண்டும்? முதல் தட்டில் ஆரம்பிக்காமல் ரெண்டாம் தட்டு தாண்டி ஆரம்பியுங்கள். ஒன்றை அழுத்தி அடித்து அடுத்ததை மெல்லத் தொடுங்கள். ஒரே நோட்டை நாலு விதமான தாளத்தில் வாசியுங்கள். ரெண்டாவது ஸ்ட்ரிங் எட்டாவது ஃப்ரெட்டை ஒரு முழு டோன் பெண்ட் செய்தால் (ஸ்ட்ரிங்கை விரலால் தள்ளிச் சுருதியை ஏற்றினால்) முதல் ஸ்ட்ரிங் ஐந்தாவது ஃப்ரெட்டின் சுருதி வர வேண்டும். வருகிறதா என்று ரெண்டையும் மாறி மாறி வாசித்துச் சரிபாருங்கள். நாலு வருடம் வாசித்த பலருக்கும் இந்தப் பெண்ட் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். சுருதி சேராத பெண்ட் எவ்வளவு நல்ல சோலோவையும் கெடுத்துவிடும்.

இதோடு இன்னொரு கட்டுப்பாடு: மூச்சை வெளியே விடும்போது மட்டும் வாசியுங்கள், இழுக்கும்போது கை சும்மா இருக்கட்டும். நாதஸ்வரக்காரரும் சாக்ஸபோன்காரரும் மூச்சுக்காக எங்காவது நிறுத்தியே ஆக வேண்டும். கிட்டார்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கிறோம். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், அப்புறம் கிட்டார் பதில் சொல்லும். அவர் வாசித்த எந்த மேடைப் பதிவையும் போட்டுக் கேளுங்கள், பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து கார்டு மாறுவதைக் காட்டப் பழகுங்கள். "ஸ்கேல் மாதிரி இருந்துச்சு" என்று நண்பர் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் கார்டு மாறிக்கொண்டே இருக்கிறது, முன்னால் நீங்கள் அது காதில் விழாதவர் போல ஒரே ஸ்கேலை ஓட்டுகிறீர்கள். ஏ7-இல் சி ஷார்ப் இருக்கிறது. டி7-இல் அது இல்லை, சி இருக்கிறது. மூன்றாவது ஸ்ட்ரிங்கில் ஆறாவது ஃப்ரெட்டும் ஐந்தாவது ஃப்ரெட்டும், பக்கத்துப் பக்கத்து வீடு. நாலாவது பார் முடியும்போது ஆறாவது ஃப்ரெட்டில் நின்று, ஐந்தாவது பாரின் முதல் தட்டில் ஐந்தாவது ஃப்ரெட்டில் இறங்குங்கள். அந்த ஒரு அரை டோன் இறக்கத்தில் கார்டு மாறியது யாருக்கும் கேட்டுவிடும். ஒன்பதாவது பாரில் இ7 வரும்போது நாலாவது ஸ்ட்ரிங் ஆறாவது ஃப்ரெட், ஜி ஷார்ப். இந்த மூன்று இடத்தையும் ட்ராக்கோடு பழகிய பிறகு ட்ராக்கை நிறுத்திவிட்டு, மெட்ரோனோம் மட்டும் வைத்து வாசியுங்கள். கார்டு எங்கே மாறுகிறது என்று உங்கள் வாசிப்பிலேயே தெரிய வேண்டும். இதற்கு ஒரு மாதம் ஆகலாம், அவசரமே இல்லை.

அப்புறம், பெரியவர்களைக் கேட்டு எடுப்பது. சார்லி கிறிஸ்டியன் என்று ஒருவர், 1916-இல் பிறந்து 1939-இல் பென்னி குட்மேன் என்பவரின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார், 1942-இல் 25 வயதில் காசநோயால் இறந்துவிட்டார். எலக்ட்ரிக் கிட்டாரை ஜாஸில் சோலோ வாத்தியமாக நிலைநிறுத்த அவருக்கு அந்தக் கொஞ்ச காலமே போதுமானதாக இருந்தது. லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனைக் கேட்டு வளர்ந்தவர், அதனால் அவர் வாசிப்பில் மூச்சு இருக்கும். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் வெஸ் மான்ட்கோமரி என்ற கிட்டார்காரர் இவருடைய ரெக்கார்டுகளைக் கேட்டு, ஒவ்வொரு சோலோவையும் நோட்டு விடாமல் காதாலேயே எடுத்தார். அவருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் மேடைகளிலும் அந்த சோலோக்களையே வாசித்தார். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ஸ்ட்ரிங்கை மீட்டும் பிக்கை விட்டுக் கட்டைவிரலால் வாசிக்க ஆரம்பித்தார் என்பார்கள். ராத்திரிப் பயிற்சி செய்யும் உங்களுக்கு அது புரியும். இப்படி அடுத்தவரை அப்படியே எடுத்தவர் நகலாகவா நின்றார்? ரெண்டு நோட்டை ஆக்டேவாக (ஒரே ஸ்வரம், கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும்) சேர்த்து வாசிக்கும் அவருடைய ஒலியைக் கேட்டால் ரெண்டு விநாடியில் அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

ஒரு முழு சோலோ எடுக்க முயலாதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம், ரெண்டு பாரோ நாலு பாரோ. டேப் (எந்த ஸ்ட்ரிங், எந்த ஃப்ரெட் என்று எழுதிய குறிப்பு) பார்க்கக் கூடாது. யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி மாறாது, அப்படிப் போட்டு முதலில் பாடி மனப்பாடம் செய்யுங்கள். பாட வந்த பிறகுதான் கிட்டாரை எடுக்க வேண்டும். அதை வேறு ரெண்டு இடத்தில் வாசியுங்கள், முதல் தட்டுக்குப் பதில் வேறு தட்டில் ஆரம்பியுங்கள், கடைசி நோட்டை மட்டும் மாற்றுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது பாதி உங்களுடையதாகிவிடும். அந்த நாலு லிக்கையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, இதையே அவற்றுக்கும் செய்யலாம்.

நேரத்தைப் பற்றி. தினமும் 45 நிமிடம் போதும். அதையும் ஒரே வேலைக்குக் கொடுக்காமல் பத்துப் பத்து நிமிடமாகக் கலந்து செய்யுங்கள்: மூன்று நோட்டு, கார்டு மாற்றம், கேட்டு எடுத்த வாக்கியம், திரும்ப மூன்று நோட்டு. கலந்து செய்தால் அன்றைக்குத் தேறாத மாதிரித்தான் தோன்றும். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கை அசைவுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். கலந்து பழகியவர்கள் அப்போது திணறினார்கள், ஆனால் 10 நாள் கழித்துச் சோதித்தபோது இவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். அது இசையை வைத்துச் செய்த ஆய்வு இல்லை. ஆனாலும் என் மாணவர்களிடம் நான் பார்ப்பது இதேதான். 120-இல் ஓட்டிய வேகப் பயிற்சியைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள், அந்த வேகம் எங்கும் போய்விடாது.

தினமும் கடைசியில் ஒரு சுற்றை மொபைலில் பதிவு செய்யுங்கள். அன்றே கேட்காதீர்கள். வாசித்த சூட்டில் எல்லாம் நன்றாகவோ எல்லாம் மோசமாகவோதான் தோன்றும். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கேளுங்கள், யாரோ வாசித்ததைக் கேட்கிற மாதிரி. எங்கே நிறுத்தினீர்கள், எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று மட்டும் பாருங்கள். ராத்திரி அதில் ஒரே ஒரு இடத்தைத் திருத்தினால் போதும்.

பொங்கலுக்கு அந்த 16 பார் வரும்போது முதல் நாலு பாருக்கு இ, ஜி, ஏ மட்டும் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டு வேறு சுருதியில் இருந்தால் அதே மூன்று இடங்களை அந்தச் சுருதிக்கு நகர்த்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மனதில் என்ன கேட்கிறதோ அது. ஒன்றும் கேட்கவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு ஒரு பார் காத்திருங்கள். ட்ரம்ஸும் பேஸும் வாசித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.